மேட்டின் உச்சியில் சிலுவைப் பள்ளம்: ஈமமேடா, காற்றாலை மேடா?

வணக்கம். பக்கிங்காம்ஷயரில் உங்கள் வீட்டுக்குப் பின்னுள்ள மேய்ச்சல் நிலத்தில், வட்ட அகழி சூழ்ந்த தாழ்வான மேட்டின் உச்சியில் சிலுவை வடிவப் பள்ளம் தெரிகிறது, அது வெண்கலக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்து எழுப்பிய ஈமமேடா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சிலுவையை வைத்துப் பார்த்தால், இடைக்காலக் காற்றாலை நின்ற மேடாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய மரக் காற்றாலைகளில், இயந்திரம் அடங்கிய கூண்டு முழுவதும் ஒரே நடுத்தூணின் மேல் காற்றுக்கு ஏற்பத் திரும்பியது. அந்தத் தூணைத் தாங்குவதற்கு இரண்டு கனத்த உத்திரங்களைக் குறுக்காக அமைத்து, பல இடங்களில் அகழியில் எடுத்த மண்ணையே அவற்றின் மேல் குவித்து இறுக்கினார்கள். பிற்காலத்தில் உத்திரங்களைப் பிடுங்கினாலும், அவை மண்ணுக்குள் மக்கினாலும், மேல்மண் சிலுவையாகத் தாழ்ந்துவிடும். உங்கள் மாவட்டத்துக் கிரேட் லின்ஃபோர்டில் நடந்த அகழாய்வில் இத்தகைய அடி உத்திரங்களே கிடைத்தன.

ஆனாலும் பழைய ஈமமேட்டின் மீதே ஆலை கட்டிய இடங்களும் உண்டு. ஆகவே, மேடு இடைக்கால உழவு வரப்புகளை மூடி நிற்கிறதா என்று மாலை வெயிலில் பாருங்கள். மூடியிருந்தால் அது அவ்வுழவுக்குப் பிந்தியது. எலிவளை மண்ணில், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த, துளைகள் நிறைந்த கருஞ்சாம்பல் எரிமலைக்கல் துண்டுகள் தென்பட்டால் அவை தானியம் அரைத்த ஆலைக்கல்லின் சிதறல்களாக இருக்கலாம்.

தயவுசெய்து தோண்டாதீர்கள். படங்களுடன் மாவட்டத் தொல்லியல் பதிவேட்டுக்கு எழுதுங்கள்.