‘சேர்ந்து இருக்கீங்களா?’ என்றால் என்ன?

கேள்வி: வயது 26. முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிறேன். கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. ‘விசேஷம் உண்டா’ என்று மைனி முதல் எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. டாக்டரம்மா ‘சேர்ந்து இருக்கீங்களா’ என்றார்கள், ஆமாம் என்றேன். ஒரே பாயில்தான் படுக்கிறோம், அணைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வலிக்குமோ என்று பயந்து விலகிவிடுகிறேன். உடலுறவு என்பது எது?

பதில்: தாயி, நீங்கள் கூச வேண்டியதில்லை. மூடி மூடிக் கேட்டே பழகிய எங்கள் தப்புதான் இது. டாக்டர் ஒன்றை நினைத்துக் கேட்க, நீங்கள் வேறொன்றை நினைத்துத் தலையாட்டியிருக்கிறீர்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். விறைத்த ஆண்குறி பெண்ணின் யோனிக்குள் நுழைவதுதான் உடலுறவு. விந்து உள்ளே விழுந்தால், உயிரணு கருப்பை வழியாக நீந்திக் கருக்குழாயில் முட்டையைச் சேரும். உயிரணு உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும்; முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். முத்தமும் அணைப்பும் தாம்பத்தியத்தில் சேர்ந்தவைதான், அவற்றால் கரு உண்டாகாது. கருத்தடை இல்லாமல் 12 மாதம் முறையாக உறவு வைத்தும் கரு நிற்காவிட்டால்தான் குழந்தையின்மை என்கிறோம். உங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. மலடு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

அந்தப் பயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வலிக்கும் என்று மனம் நினைத்ததுமே யோனியைச் சுற்றிய தசைகள் தானாக இறுகிக்கொள்ளும். இது பிடிவாதமோ, கணவர்மேல் அன்பு இல்லாததோ அல்ல. கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுகிறதே, அதுபோல. பலவந்தம் செய்தால் இறுக்கம் இன்னும் கூடும். ‘ஒரு நாள் பொறுத்துக்கோ’ என்று பெரியவர்கள் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். நீங்கள் மனசார இசையாமல் எதுவும் நடக்கக் கூடாது, கட்டிய கணவராகவே இருந்தாலும். மூச்சுப் பயிற்சி, இடுப்புத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, விரிப்பான் என்ற, யோனிக்குள் மெல்ல வைத்துப் பழகும் வழவழப்பான கருவியைச் சிறியதிலிருந்து படிப்படியாகப் பெரியதாகக் கொண்டு பழகுவது என்று நல்ல சிகிச்சை உண்டு. பெரும்பாலோர் குணமாகிறார்கள். முதல் முறை ரத்தம் வந்தே தீரும் என்பதும் உண்மையில்லை.

கணவரையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். கணவருக்கும் விறைப்பில் சிரமம் இருக்கலாம், கேட்டால்தானே தெரியும். அங்கே சொல்லக் கூச்சமாக இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மகளிர் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. எங்கே போனாலும் ‘சேர்ந்து இருக்கோம்’ என்று சொல்லாதீர்கள். ‘இதுவரை உள்ளே போகவில்லை’ என்றே சொல்லுங்கள்.