உச்சியில் வழுக்கை விழுந்தால் மாரடைப்பு வருமா?

கேள்வி: வயது 34. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உச்சந்தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்துவிட்டது. ‘ஆண் ஹார்மோன் அதிகமானால் இப்படித்தான் கொட்டும், ஹார்ட் அட்டாக்கும் வரும்’ என்கிறார் கூட வேலை பார்ப்பவர். அப்பாவுக்கும் வழுக்கை, 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். கொஞ்ச நாளாக பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. குளிர்தான் என்று விட்டுவிட்டேன். முடிக்கு மாத்திரை போடலாமா?

பதில்: முடியைப் பிறகு பார்ப்போம். நெஞ்சு இறுக்கத்துக்கு நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் தினமும் ஏறி இறங்கும் மேடு அது. ஏறும்போது இறுக்கி, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குளிர் என்று ஒதுக்காதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அடைப்பு உள்ளவருக்கு அதனாலேயே வலி சீக்கிரம் வரும். படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு திரும்பிவிடாதீர்கள். ‘மேடு ஏறும்போதுதான் வருகிறது, அப்பா 51-ல் போய்விட்டார்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து என்ன பரிசோதனை என்பதை அதுதான் முடிவு செய்யும். அதுவரை மேட்டுக்கு ஆட்டோவில் போங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. பரம்பரை வழுக்கை உள்ள பெரும்பாலான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில்தான் இருக்கும். அதில் ஒரு பகுதி மயிர்க்காலிலேயே டி.எச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. மீசை தாடியை அடர்த்தியாக்கும் அதே டி.எச்.டி., நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்கி, முடியைப் பூனைமுடி போல மெலிய வைக்கிறது. அந்த மயிர்க்கால்களுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லாதது பரம்பரையால்.

இதயத்தோடு தொடர்பு உண்டா? உண்டு, ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 19,112 ஆண் மருத்துவர்களை ஆராய்ந்து 2000-ல் வெளியான முடிவில், உச்சியில் கடுமையான வழுக்கை இருந்தவர்களுக்கு இதய நோய் 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. முன்நெற்றி மட்டும் ஏறியவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காக வழுக்கை மாரடைப்பைக் கொண்டு வருகிறது என்று அர்த்தமில்லை. இளம் வயதில் வழுக்கை விழுகிறவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, தொப்பை, ரத்த அழுத்தம் சேர்ந்தே இருக்கின்றன. (நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு உச்சி முடி மெலிவதிலும் இதே கூட்டணிதான்.) உங்கள் விஷயத்தில் சொட்டையைவிட, 55 வயதுக்குள் அப்பாவுக்கு வந்த மாரடைப்புதான் பெரிய எச்சரிக்கை.

ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிடுங்கள். இடுப்பளவு 90 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஷிப்டில் வெறும் டீயும் வர்க்கியும் வைத்து ஒரு வேளையை ஓட்டுவது நம் மலையில் சகஜம். மைதா, கொழுப்பு, சர்க்கரை மூன்றும் அதில் சேர்ந்து போகின்றன. அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து சுண்டலோ அவித்த முட்டையோ கொண்டு போங்கள்.

முடி மாத்திரை? முடி வளரக் கொடுக்கும் மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. நெஞ்சு வலி உள்ளவருக்கு மாத்திரையாகக் கொடுத்தால் வலி கூடலாம். இதயப் பரிசோதனை முடியும்வரை தலையில் தடவும் திரவமும் வேண்டாம். ஃபினாஸ்டிரைடு என்ற இன்னொரு முடி மாத்திரை டி.எச்.டி.-யைக் குறைக்கும். ஆனால் அதனால் இதயம் காக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வு வரும். தோல் மருத்துவரிடம் பேசித் தொடங்குங்கள், அவசரமில்லை.

இடையில் ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுக்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். பைக்கை நீங்களே ஓட்டவும் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.