ஓடி முடித்த குதிரை: கேள்வி பதில்

கே: பந்தயத்தில் குதிரையின் இதயம் எவ்வளவு துடிக்கும்?

ப: சும்மா நிற்கையில் நிமிடத்துக்கு 30 முதல் 40. முழுப் பாய்ச்சலில் 220 வரை போகும். எனக்கு அதைவிட மண்ணீரல்தான் அதிசயம். சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, ஓட்டம் சூடு பிடித்ததும் சுருங்கி ரத்தத்தில் கொட்டிவிடும். ரத்தத்தில் 40 சதவீதமாக இருந்த சிவப்பணுக்கள் 60ஐத் தாண்டும்.

கே: களைத்தால் வாயால் மூச்சு வாங்குமா?

ப: முடியாது. மூக்கு மட்டும்தான். பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு.

கே: நெடுந்தூர ஓட்டத்தில் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்க மறுக்கிறதே?

ப: நம் வியர்வையில் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. வியர்க்க வியர்க்க ரத்தம் உப்பேறும், தாகம் எடுக்கும். குதிரைக்கு மணிக்கு 10 லிட்டர் வியர்வை போகலாம். ஆனால் உப்பும் ரத்தத்தின் அளவுக்குக் கூடவே போய்விடுவதால் மூளைக்குத் தாகம் தெரியாது. அது குடிக்கவில்லை என்பதற்காகத் தேவையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உப்புக் கலவையைத் தண்ணீர் இல்லாமல் வாயில் ஊற்றவும் வேண்டாம். அது உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும்.

கே: சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளுமாமே?

ப: பிடிக்காது. ஊற்றுங்கள்.

கே: எங்கள் பயிற்சியாளர் 30 வருட அனுபவசாலி. வெதுவெதுப்பான நீர்தான் என்கிறார்.

ப: அவர் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தோல் பரப்போ குறைவு. சூடு எங்கே போகும்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். குளிர்ந்த நீர் நன்றாகவே வேலை செய்தது, தசையும் கெடவில்லை. உடம்பு முழுக்க, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்.

கே: ஈரத்துணி போர்த்தினால் போதாதா?

ப: போதாது. துணி சூடாகிப் போர்வை ஆகிவிடும்.

கே: ஐயா, ஓடி வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

ப: மேலே படியுங்கள்.

கே: ஓட்டத்துக்குப் பின் மூக்கில் ரத்தம் வந்தது. மூக்கில் காயமா?

ப: பெரும்பாலும் நுரையீரல். ரத்த அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்கள் வெடித்துக் கசிகின்றன. வெளியே வருவது சிலவற்றுக்குத்தான். உள்ளே கசிவது ஏராளம். கால்நடை மருத்துவர் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கட்டும். அதுவரை ஓட்டாதீர்கள்.

கே: முன்னங்காலில் லேசான வீக்கம். தண்ணீர் அடித்தால்...

ப: காலைத் தொட்டுப் பார்க்காமல் எழுத்தில் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் காட்டுங்கள்.