‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’

கேள்வி: சபையில் யார் எதைச் சொன்னாலும் எனக்குக் கேள்வி வருகிறது. முழங்கால் போட்டாலும் மனம் அலசிக்கொண்டே இருக்கிறது. யோசிப்பது விசுவாசக் குறைவா? அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யச் சொல்லி 8 மாதமாகிறது. வேதாகமத்தை மூக்கருகே பிடித்துத்தான் வாசிக்கிறார். அதற்கும் ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சின்னது. ‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்ற பவுல், நாலே வசனம் தள்ளி ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5). இரண்டும் ஒரே சபைக்கு எழுதியது. கேள்வி கேளுங்கள், தாழ்மையாகக் கேளுங்கள். சரி, அது முடிந்தது.

இப்போது அந்த 8 மாதத்துக்கு வருகிறேன். எதையும் அலசுகிற மனம், அம்மாவின் கண்ணை மட்டும் ஏன் அலசவில்லை? டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? புரை சொட்டு மருந்தில் கரையாது, முற்றவிட்டால் ஆபரேஷன் சிக்கலாகும் என்று சொல்லியிருப்பாரே. சரி, ஆண்டவரிடமாவது கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பணமோ, பயமோ, லீவு கிடைக்காததோ, ஏதோ ஒன்று உங்களைத் தடுக்கிறது. அதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு ஜெபத்தின் பேரைச் சொல்லிவிட்டீர்கள். இந்தப் பதிலை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஜெபம் என்றதும் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. பெற்ற தாயும் வாய் திறக்காமல் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொள்வார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-இல் படியுங்கள். நீங்கள் செய்திருப்பதும் அதற்கு ரொம்பத் தூரமில்லை.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்து, அழுது ஜெபித்தார். ஆயுசில் 15 வருஷம் கூட்டுவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் தீர்க்கதரிசி ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து ராஜாவின் பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போடச் சொன்னார். கர்த்தரின் வாக்கு கையில் இருந்தபோதே மருந்தும் போட்டார்கள், தம்பி.

நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தேதி வாங்குங்கள். பணம்தான் தடை என்றால் கூடப்பிறந்தவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. பயம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஆண்டவரிடமும் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து பார்வை தெளியும்வரை, தினமும் ராத்திரி நீங்களே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்துக் காட்டுங்கள்.