எடிர்னே: எல்லை விலகியிருந்த காலத்தின் கட்டடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கிப் பயணத்தில் எடிர்னேயில் ஓர் இரவு தங்கினோம். ஒரு பக்கம் கிரீஸ், இன்னொரு பக்கம் பல்கேரியா. ஊர் சிறியதுதான், ஆனால் மசூதிகள் இஸ்தான்புல்லோடு போட்டி போடுகின்றன. எதிரி வந்தால் முதல் அடி விழக்கூடிய இடத்தில் சுல்தான்கள் ஏன் இப்படிச் செலவழித்தார்கள்? எதிரியை மிரட்டத்தான் என்றார் எங்கள் வழிகாட்டி. அப்படியா?

ச.

அன்புள்ள ச.,

வழிகாட்டி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. செலிமியே மசூதி எழுந்த 1570களில் உதுமானியர்களின் எல்லை ஹங்கேரியில் இருந்தது. எடிர்னே பத்திரமான உள்நாட்டு ஊர். நீங்கள் பார்த்த எல்லைக்கோடு 20ஆம் நூற்றாண்டில் வந்தது.

ஆனால் அதற்கு வெகுமுன்பு இது எல்லை ஊராக இருந்ததுண்டு. திரேசியர்களின் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில், 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் தன் பெயரில் ஹாட்ரியனோபொலிஸ் நகரை அமைத்தார். ஆறுகள் கூடும் இடம், பால்கனிலிருந்து பாஸ்பரஸ் நீரிணைக்குப் போகும் படைச்சாலை வேறு. அந்தச் சாலையில் யார் வந்தாலும் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். 378இல் இதன் அருகே நடந்த போரில், கோத்துகள் என்ற ஜெர்மானியக் குலத்தவர் ரோமப் பேரரசர் வாலன்ஸையே கொன்றார்கள். ஆனால் ஊரைப் பிடிக்க முடியவில்லை, மதில் தடுத்துவிட்டது. அவர்களுடைய தலைவன் ஃப்ரிடிகெர்ன் இதே மதிலின் முன்னால் சற்று முன்பே சொல்லியிருந்தான், மதில்களோடு தனக்குச் சமாதானம் என்று. விவரம் தெரிந்த ஆள்! 813இல் பல்கேரிய மன்னன் க்ரும் முற்றுகையிட்டுப் பிடித்தபோது நிலைமை வேறு. அந்த மதிலில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். மாசிடோனியக் கோபுரம் என்கிற மூலைக் கோபுரத்தைத் தவறவிட்டிருந்தால் அடுத்த முறை பாருங்கள்.

1360களில் உதுமானியர் கைக்கு வந்தபின் கதை மாறுகிறது. எல்லை மேற்கே நகர்ந்துகொண்டே போனது, எடிர்னே தலைநகரானது. 1453இல் கான்ஸ்டான்டினோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, உடைத்த பெரிய பீரங்கி வார்க்கப்பட்டது இங்கேதான். தலைநகர் அங்கே போனபிறகும் சுல்தான்கள் இந்த ஊரை விடவில்லை.

மூன்று மசூதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு கட்டடக்கலை வளர்ந்த விதம் தெரியும். 1414இல் முடிந்த எஸ்கி ஜாமியில் ஒன்பது சிறிய குவிமாடங்கள், நடுவே கனத்த தூண்கள். சுவரில் ஆளுயரத்துக்கும் மேலான கறுப்பு எழுத்துகள். அடுத்தது 1447இல் முடிந்த ஊச் ஷெரெஃபெலி, அதாவது ‘மூன்று உப்பரிகை’ மசூதி. இங்கே ஒரே குவிமாடம் 24 மீட்டர் அகலத்தில் நடுக்கூடத்தை மூடிவிடுகிறது. அதுவரை உதுமானியர் செய்யாத காரியம். பாரத்தைத் தாங்கத் தடித்த அறுகோணத் தூண்கள் இரண்டு, மீதிச் சுமை சுவர்கள் மேல். உள்ளே நின்றால் கட்டடம் கொஞ்சம் மூச்சு வாங்குவது தெரியும். நான்கு மினார்களும் நான்கு விதம்: ஒன்றில் முறுக்கு, ஒன்றில் நெடுக்கு வரிகள், இன்னொன்றில் டைமன் கட்டம். நான்காவதில், பேருக்கேற்ற மூன்று உப்பரிகைகளுக்கும் தனித்தனிப் படிக்கட்டு. பலர் செலிமியேக்கு ஓடும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும்.

உதுமானியரின் தலைமைக் கட்டடக்கலைஞர் சினான் செலிமியேயில் அந்தத் திணறலைத் தீர்த்தார். எட்டுத் தூண்கள், அவற்றின் மேல் சுமார் 31 மீட்டர் குவிமாடம். தூண்களைச் சுவரோரம் தள்ளியதால் நடுவே எதுவும் மறிக்கவில்லை. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவை மிஞ்சிவிட்டதாகத் தன் நினைவுக்குறிப்பில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பரவாயில்லை. கட்டச் சொன்ன இரண்டாம் செலிம், திறப்புக்குச் சில மாதம் முன்பு 1574 டிசம்பரில் இறந்துபோனார்.

அப்புறம், துன்ஜா ஆற்றங்கரையில் இரண்டாம் பாயசீத் 1488இல் முடித்த மருத்துவமனை. மனநோயாளிகளுக்கு இசையும் நீரூற்றின் ஓசையும் அன்று மருந்து. குவிமாடக் கூடத்தின் நடுவில் நீரூற்று, சுற்றி அறைகள். வாசிப்பது எல்லா அறைக்கும் கேட்கும். எல்லையில் எதிரியை மிரட்ட நினைப்பவன் இதையா கட்டுவான்?

எல்லை திரும்பி வந்தது பால்கன் போர்களில். 1913இல் பல்கேரியர்கள் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார்கள், அதே ஆண்டு துருக்கியர் மீட்டார்கள். மெரிச் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் காரஆச் என்ற புறநகர், 1923 லோசான் ஒப்பந்தத்தில் போர் இழப்பீடாக கிரீஸிடமிருந்து வந்தது. அங்கேயுள்ள பழைய ரயில் நிலையம் இப்போது பல்கலைக்கழகக் கட்டடம்.