சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு அவில் மாத்திரை கேட்குமா?

போடியிலிருந்து ஜீப்பில் பூப்பாறை ஏலத்தோட்டத்துக்குப் போகும் அப்பா, ராத்திரி அவில் போட்டால்தான் தூங்குகிறார். அவில் ஒவ்வாமை மாத்திரை; அரிப்பு, தடிப்பு உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளைத் தடுப்பது. அப்படியானால் எரிச்சலுக்குக் காரணம் ஹிஸ்டமினா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு பங்கு உண்டு. சர்க்கரையால் அடிபட்ட நரம்பைச் சுற்றியுள்ள மாஸ்ட் செல்கள் (ஒரு வகை நோய் எதிர்ப்பு செல்கள்) ஹிஸ்டமினைக் கொட்டும்; அது எச்1 ஏற்பி (ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்று, அவில் அடைப்பது இதைத்தான்) வழியாக வலி நரம்பை உசுப்பிவிடும். ஆனால் மூளை, தண்டுவடத்தில் அதன் வேலை வேறு. எச்3 என்ற இன்னொரு ஏற்பி அங்கே ஹிஸ்டமின் சுரப்பையே அடக்கும். அதனால் எச்1-ஐ மட்டும் அடைத்தால் நரம்பு வலி தீராது. அவில் தருவது தூக்கம், அவ்வளவுதான்.

நரம்பு வலிக்கென்றே உள்ளவை அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின். அமிட்ரிப்டிலினும் எச்1-ஐ அடைக்கும், தூக்கம் வருவது அதனால்தான். வலி குறைவது வேறு வழியில். வழக்கமாக இரவில் 10 மி.கி.யில் தொடங்குவார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும். இதோடு அவிலையும் சேர்த்தால் வாய் வறளும், தலை சுற்றும். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். பிரிகாபலின் என்றால் முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பாருங்கள்; சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பல வருடமாக ஓடுகிறதா? வைட்டமின் பி12-உம் பாருங்கள், அது குறைந்தாலும் இதே எரிச்சல்தான்.

மரத்த காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது. பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள்.