கேள்வி–பதில்: பழைய காரின் சென்ட்ரல் லாக் (எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு)

கேள்வி: என்னுடைய 2008 மாடல் வேகன் ஆர் காரில் முன் இடது கதவு மட்டும் ரிமோட்டுக்குப் பூட்டுவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினால் பூட்டுகிறது. கடைக்காரர் அந்தக் கதவைப் பூட்டும் மோட்டாரை இரண்டு முறை மாற்றிவிட்டு, இப்போது முழு சென்ட்ரல் லாக் செட்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: மாற்றாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது வேலை செய்து, சாத்தியதும் நின்றுவிடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மோட்டாரை அல்ல, அதற்குப் போகும் ஒயரை. கதவுக்கும் அது கீலில் தொங்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் மடிப்பு ரப்பர் குழாயைக் கழற்றித் தள்ளிவிட்டுப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒயர் அந்த இடத்தில் மடங்கி நிமிர்வதால், மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். ஒவ்வொரு ஒயரையும் விரலால் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த இடத்தில் மட்டும் உறை நீண்டு கொடுக்கும். அங்கே வெட்டி, சற்று நீளமான நல்ல ஒயரைச் சேர்த்து சால்டர் செய்து, அந்த இணைப்பு மடிப்பில் விழாதபடி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்காமலே பொருளை மாற்றும் வழக்கம் எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. பெரும்பாலான செட்டுகளில் கதவு மோட்டாருக்கு இரண்டே ஒயர்கள்தான். ஒரு திசையில் மின்சாரம் பாய்ந்தால் பூட்டும், எதிர்த்திசையில் பாய்ந்தால் திறக்கும். டோர் பேடை, அதாவது கதவின் உட்புற அட்டையை, கழற்றி, அந்த இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை வைத்து ரிமோட்டை அழுத்தினால் போதும். கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திய நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். விளக்கு ஒரு கணம் எரிந்தால் மின்சாரம் வருகிறது, எனவே கோளாறு மோட்டாரிலோ இறுகிப்போன லாட்சிலோ (கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி) இருக்கும். எரியாவிட்டால் ஒயரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் வாடிக்கையாளரின் பணத்தில் ஊகித்துப் பார்ப்பதைத் தொழில் என்று நான் ஏற்கமாட்டேன். கழற்றிய இரண்டு மோட்டார்களையும் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுடையவை.

புது ஒயரையும் நுனியில் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். என் பழைய காருக்கு நான் வாங்கிய மலிவான செட்டின் ஒயரில் செம்பு நிறம் மேற்பூச்சாக மட்டுமே இருந்தது; சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அத்தகைய ஒயர் கதவு மடிப்பில் நெடுநாள் தாங்காது.

கேள்வி: பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறப்பதில்லை. லாக் போய்விட்டதா? (சேலம் வாசகி)

பதில்: இல்லை, குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமல் இருக்கக் கதவின் விளிம்பில் வைத்திருக்கும் சைல்டு லாக் போடப்பட்டிருக்கும், அதை மறுபக்கம் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மிகக் குறைந்த விலைக்கு ரிமோட் செட் வாங்கி, தெரிந்தவர் மூலம் பொருத்தினேன். பில், ஒயரிங் படம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. இரண்டு நாள் ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. (மதுரை வாசகர்)

பதில்: விலையை மட்டும் பார்த்து வாங்கி, படத்தையும் தொலைத்துவிட்டால் எந்த எலக்ட்ரீஷியனும் இருட்டில் தேட வேண்டியதுதான். பில் நீங்கள் வாங்கிய செயலியில் உங்கள் கணக்கிலேயே கிடைக்கக்கூடும், முதலில் அதை எடுத்து வையுங்கள். பிறகு, எல்லாம் அணைந்து அரை மணி நேரம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படலாம். செட்டின் ஃபியூஸைக் கழற்றியதும் அது குறைந்தால் குற்றவாளி உங்கள் செட்தான். மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கேள்வி: கடையில் புது சென்ட்ரல் லாக் போட்டேன், ஓராண்டு வாரண்டி என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். ஒரு வாரத்தில், குழியில் வண்டி இறங்கினால் எல்லாக் கதவுகளும் தாமாகவே பூட்டித் திறக்கின்றன. "எலக்ட்ரிக்கல் பொருளுக்கு வாரண்டி கிடையாது" என்று விரட்டிவிட்டார்கள். (விழுப்புரம் வாசகர்)

பதில்: உங்களுக்கு நடந்தது அநியாயம், அதை விட்டுவிடாதீர்கள். இத்தகைய செட்டுகளில் ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர்கள் இருக்கும். அவற்றில் மூன்று உள்ளிருக்கும் சுவிட்சுக்கு உரியவை. அந்தச் சுவிட்சோ அதன் இணைப்போ தளர்ந்தால், அதிர்வைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எல்லாக் கதவுகளும் ஆடும். கடைக்காரர் மனம் வைத்தால் அன்றைக்கே சரிசெய்யக்கூடிய பழுது இது.

பில்லில் எழுதிய வாரண்டியை வாய்ச்சொல்லால் அழிக்க முடியாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. கதவு தானாகப் பூட்டுவதை வீடியோ எடுங்கள். பில் நகலுடன் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம், இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

கேள்வி: கதவருகே நின்று அழுத்தினால்தான் ரிமோட் வேலை செய்கிறது. புது ரிமோட் வாங்க வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: முதலில் உள்ளிருக்கும் பட்டன் பேட்டரியை, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் மாற்றுங்கள்.